புதுச் செருப்பும் புதுத் துப்பாக்கியும்

பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க டிராக்டர் ஷெட் வாசனை. துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் பூசி அனுப்புகிற கெட்டி கிரீஸ் அது. குழல், போல்ட், உள்ளே இருக்கிற கம்பி என்று எல்லாவற்றிலும் தேன் நிறத்தில் அப்பியிருந்தது. மனைவி கதவருகிலேயே நின்றுகொண்டு, "இத சோபா மேல வெச்சிடாதீங்க" என்றாள். அப்பா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூக்கால் ஒருமுறை நன்றாக இழுத்தார். ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ஹவில்தாராக வந்தவர். "பழைய பேப்பரும் டீசலும் எடுத்தா" என்றார். "பனியன் துணி இருந்தா அதையும்."

இது நடந்தது 2023 ஆகஸ்டில். எங்களுக்கு ராயக்கோட்டைப் பக்கம். தக்காளி, பதினைந்து இருபது மா மரம், மழை பெய்தால் கேழ்வரகு. வந்த துப்பாக்கி 12 போர் பம்ப் ஆக்‌ஷன், நம் நாட்டில் செய்தது; ஒரே தோட்டாவில் நிறைய ரவை சிதறும், ஒவ்வொரு தடவை சுடவும் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய வகை. அதை என் கைக்கும் தோளுக்கும் ஏற்றதாக மாற்ற எனக்குப் பத்து மாதம் ஆயிற்று. சுட்ட தோட்டாவைக் கணக்குப் பார்த்தால் நூறைத் தாண்டாது. அந்தப் பத்து மாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

துப்பாக்கி வாங்கினேன் என்று சொன்னால் ஊரில் முதல் கேள்வி, "பன்னி அடிக்கவா?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. கடலை போட்டால் காட்டுப்பன்றி, கேழ்வரகு கதிர் பிடித்தால் யானை. பன்னர்கட்டா பக்கமிருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாகக் கூட்டம் இறங்கினால் ராத்திரி முழுக்கத் தகர டப்பாவும் பட்டாசும்தான். ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயிரைத் தின்கிறது என்பதற்காக நாமாக ஒரு விலங்கைச் சுட முடியாது. உரிமம் வைத்திருப்பது வேட்டைக்கான அனுமதி இல்லை. இது பலருக்குப் புரிவதில்லை, சிலருக்குப் புரிந்தும் புரியாத மாதிரி. அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் மலை ஓரத்து ஊர்களில் நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி அவ்வப்போது அறிவிப்பு வரும். வாய்ப்பக்கம் மருந்தும் பால்ரஸும் போட்டுக் கெட்டிக்கிற சரக்கு அது. அது வெடித்து விரல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என்னுடையது சும்மா ஆசை. ரைபிள் கிளப்பில் மேலே எறிகிற தட்டுகளைச் சுடுவதற்கு. அப்புறம், அப்பாவின் பழைய ஒற்றைக்குழல் இருக்கிறது, உரிமத் தாள்களில் எஸ்.பி.பி.எல். என்று போடுவார்களே, அது. ஓய்வுபெற்று வந்த புதிதில் வாங்கியது. உரிமதாரர் எழுபது வயது ஆனாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து வருடம் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றித் தரலாம் என்று 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் ஒரு வழி இருக்கிறது. அப்படித்தான் அது என் பெயருக்கு வந்தது. 2019ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு ஓர் ஆள் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ள முடியும், முன்பு மூன்று. ஆக எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம். அந்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான் யோசனை.

சித்தி மகன் ஒருத்தன் டெக்சாஸில் இருக்கிறான். அவன் ஒரு செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் வாங்கினான், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிற ரவைத் துப்பாக்கி. கடைக்குப் போனான், படிவம் நிரப்பினான், பின்னணி சரிபார்த்தார்கள், சாயங்காலம் வீட்டில் இருந்தான். எனக்கு அனுமதி வர ஒன்றரை வருடம். அந்தக் கதையை இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் அதற்கே இடம் போதாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் வந்து அவன் துப்பாக்கியைப் பிரித்துக் காட்டுவான். தோட்டா வெடிக்கும்போது வருகிற வாயுவில் கொஞ்சம் குழலின் அடிப்பக்கம் இருக்கிற சின்னத் துளை வழியாக இறங்கி ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன், தோட்டாவுக்குப் பின்னால் கதவு மாதிரி மூடுகிற போல்ட்டைத் தள்ளும். போல்ட் பின்னால் போகிற போக்கில் காலி உறையை வெளியே எறிந்துவிட்டு, திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை வாயில் கவ்விக்கொண்டு வரும். எல்லாம் கண் இமைப்பதற்குள்.

புதுசில் இந்த வகை கொஞ்சம் முரண்டு பிடிக்குமாம். ஸ்பிரிங் விறைப்பு, உலோகத்தோடு உலோகம் இன்னும் இழையவில்லை, மேலே தொழிற்சாலை கிரீஸ் வேறு. 24 கிராம் ரவை உள்ள லேசான தோட்டாவைப் போட்டால் போல்ட் பாதி வழியில் நின்றுவிடும், காலி உறை வாசலில் சிக்கிக்கொள்ளும். அதனால் முதல் நூறு தோட்டாவை கனமான சரக்காகச் சுடச் சொல்கிறார்கள். அவன் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நூறையும் சுட்டு முடித்தான். அடுத்த வாரம் போல்ட்டின் கைப்பிடியைப் பெரிதாக மாற்றினான், சேஃப்டி பொத்தானைப் பெரிதாக்கினான், தோளில் வைக்கிற கட்டைக்கும் உடலுக்கும் நடுவில் போடுகிற பிளாஸ்டிக் தகடுகளை மாற்றி மாற்றி வைத்துத் தன் கன்னத்துக்கு ஏற்ற சாய்வைக் கண்டுபிடித்தான். "அண்ணா, லெகோ மாதிரிதாண்ணா" என்றான்.

எனக்கும் நாக்கில் எச்சில் ஊறியது, பொய் சொல்வானேன். ஆனால் இங்கே செமி ஆட்டோமேட்டிக் என்பது ஆயுத விதிகளின் அட்டவணையில் முதல் வகையில் உட்கார்ந்திருக்கிறது. என்னைப் போன்ற தக்காளிக்காரனின் சாதாரண உரிமத்தில் ஏறாது. இருபது அங்குலத்துக்குக் குறைவான குழல் உள்ள ஷாட்கன்னும் அதே வகைதான். மிச்சம் இருந்தது இரட்டைக்குழல் அல்லது பம்ப். நான் பம்ப் எடுத்தேன்.

பம்ப் ஆக்‌ஷனில் வாயுத் துளை, பிஸ்டன் எதுவும் கிடையாது. இடது கைதான் பிஸ்டன். குழலுக்குக் கீழே இருக்கிற கட்டையைப் பின்னால் இழுத்தால் காலி உறை வெளியே விழும், முன்னால் தள்ளினால் அடுத்தது உள்ளே ஏறும். ஒலிம்பிக்கில் தட்டு சுடுகிற டிராப், ஸ்கீட் போட்டிகளின் விதியில் செமி ஆட்டோமேட்டிக்குக்கு இடம் இருக்கிறது, பம்புக்கு மட்டும் கிடையாது. அங்கே அனுமதிப்பது இங்கே எனக்கு இல்லை, இங்கே கிடைப்பதை அங்கே சேர்க்க மாட்டார்கள். ஒலிம்பிக் போகிற வயசும் இல்லை, அதனால் பரவாயில்லை.

கிரீஸைத் துடைத்து எடுக்க அன்று ராத்திரி பதினொரு மணி ஆகிவிட்டது. குழலுக்குள் துணி விட்டு விட்டு இழுத்தோம். முதல் பத்துத் துணி மஞ்சளாக வந்தது, அப்புறம் சாம்பல் நிறம், கடைசியில் வெள்ளை. சாம்பல் நிறம் வந்தபோது அப்பா அந்தத் துணியை விரலில் தேய்த்துக் காட்டினார். கையில் லேசாக நறநறவென்றது. கடைசல் போட்ட மிச்சத் தூள். இதைத் துடைக்காமல் அப்படியே எண்ணெய் விட்டுச் சுட ஆரம்பித்திருந்தால் அந்தத் தூளே உள்ளே உப்புத்தாள் வேலை பார்த்திருக்கும். எல்லாம் காய்ந்தபின் தையல் மிஷின் எண்ணெய் அளவுக்கு மெல்லிய எண்ணெய், அதுவும் துணியில் தொட்டு, பட்டும் படாமலும். தேங்காய் எண்ணெய் போடலாமா என்று மனைவி கேட்டாள். போடக் கூடாது. நாள்பட்டால் அது பிசினாகிவிடும்.

பிறகு இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன், பாதியில் நின்றது. ஊர்க் கிணற்றில் துருப்பிடித்த ராட்டினத்தில் தண்ணீர் சேந்துகிற மாதிரி இருந்தது. அப்பா சிரித்தார். "புதுச் செருப்பு கடிக்காம என்ன பண்ணும்?"

கிளப்புக்கு முதல்முறை போனது செப்டம்பரில். காரில் இரண்டரை மணி நேரம். இருபத்தைந்து தோட்டா கொண்டுபோனேன். நான்கு முறை காலி உறை சேம்பரிலேயே, அதாவது குழலின் அடியில் தோட்டா உட்காருகிற அறையிலேயே, ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மூன்று முறை கட்டையை முழுசாகப் பின்னால் இழுக்காமல் முன்னால் தள்ளிவிட்டேன். அப்படிச் செய்தால் உள்ளே அடுத்த தோட்டா ஏறியிருக்காது, டிரிகரை அழுத்தினால் வெறும் டிக். அந்தச் சத்தம் மாதிரி மானம் போகிற சத்தம் வேறு கிடையாது. பக்கத்து வரிசையில் ஒரு கல்லூரிப் பையன் தன் இரட்டைக்குழலைத் திறந்து தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தபடியே நின்றான். வலது தோளில் நீலம் பாய்ந்து, இரண்டு நாள் தக்காளிக் கூடை தூக்க முடியவில்லை.

வீடு திரும்பும்போது வண்டியில் கணக்குப் போட்டேன். டெக்சாஸ் வழியில் இதைப் பழக்க வேண்டுமென்றால் நூறு, இருநூறு தோட்டா வேண்டும். இங்கே வருடத்துக்கு இத்தனை, ஒரு தடவைக்கு இத்தனை என்று தோட்டாக் கணக்கு உரிமத்திலேயே போட்டிருக்கும். கடையில் வாங்கும்போது பதிவு ஏறும். ஆக, சுட்டு இழைக்க முடியாது. இழுத்துத்தான் இழைக்க வேண்டும்.

ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக்கில் போலித் தோட்டா ஆறு வாங்கினேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் துப்பாக்கியை எடுத்து, நிஜத் தோட்டா இருக்கிற பீரோ பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, தோட்டத்துப் பக்கம் பார்த்த சுவரை நோக்கி உட்காருவேன். போலித் தோட்டாவை நிரப்பி, இழு, தள்ளு, இழு, தள்ளு. ஒரு நாளைக்கு நூறு. சீரியல் ஓடுகிற நேரம் அது. "மாவாட்டுற சத்தமாச்சும் நாளைக்கு இட்லி ஆகும். இது என்னத்துக்கு ஆகும்?" என்றாள். நியாயமான கேள்விதான்.

ஒரு மாதத்தில் மூவாயிரம் தாண்டியது. இழுக்கிற கட்டையிலிருந்து போல்ட்டுக்குப் போகிற இரண்டு எஃகுப் பட்டைகள் உண்டு. புதுசில் இரண்டும் கறுப்பு. நூறு தடவைக்குப் பிறகு கழற்றிப் பார்த்தால் ஒரு நூல் அளவுக்கு வெள்ளிக் கோடு விழுந்திருந்தது. ஐந்நூறில் அது வைக்கோல் அகலம். எங்கெங்கே உரசுகிறது என்பதைத் துப்பாக்கி தானே கோடு போட்டுக் காட்டுகிறது. இடது பட்டையில் கோடு சீராக, மென்மையாக இருந்தது. வலதில் ஓர் இடத்தில் மட்டும் கீறல் மாதிரி ஆழமாக, ஓரத்தில் பிசிறோடு. நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. விறைப்புக்குக் காரணம் அந்தப் பிசிறுதான்.

அரத்தை எடுக்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது. எங்கள் ஷெட்டில் மூன்று அரம் இருக்கிறது. எடுக்கவில்லை. எஃகு சீவினால் சீவினதுதான், திரும்ப ஒட்டாது. அது போக, ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியைப் பழுது பார்க்கிற தொழிலுக்கே உரிமம் வேண்டும். குழலைக் குறுக்குவதற்கு 6ஆம் பிரிவு என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. சினிமா பார்த்துவிட்டு, குழலை அரை முழம் வெட்டினால் ஸ்டைலாக இருக்குமே என்று நினைக்கிறவர்கள் அந்தப் பிரிவை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. உரிமம் உள்ள துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் எடுத்துப்போனேன். எழுபதை நெருங்கிய மனிதர். பிசிறைப் பார்த்தார், தீப்பெட்டி அளவுக்கு ஒரு சாணைக்கல்லை எடுத்து எண்ணெய் தொட்டு ஏழெட்டு முறை இழுத்தார். அவ்வளவுதான். சேம்பரை விளக்கில் பார்த்துவிட்டு, உள்ளே துளையை இழைக்கிற ரீமர் ஓடின வரி அப்படியே இருக்கிறது, காலி உறையின் அடித் தகடு அழுத்தத்தில் விரிந்து அந்த வரியில் பிடித்துக்கொள்கிறது என்றார். மிக நைசான எஃகுப் பஞ்சைப் பிரஷ்ஷில் சுற்றி அதையும் பளபளக்கத் தேய்த்துக் கொடுத்தார். அன்றிலிருந்து இன்று வரை ஓர் உறைகூட ஒட்டவில்லை.

புதுத் துப்பாக்கி வாங்குகிறவர்களிடம் என் அனுபவத்தில் ஒன்று சொல்ல முடியும். இரும்பை நீங்கள் தொடாதீர்கள். உரசித் தானாக இழைய வேண்டியது தானாக இழையும், இழையாதது உரிமம் உள்ளவர் வேலை. நாம் விளையாட வேண்டியது மரத்தில். மரத்தில்தான் பெரிய வித்தியாசமும் கிடைக்கிறது.

நான் ஐந்தடி நான்கு அங்குலம். வந்த துப்பாக்கியில் டிரிகரிலிருந்து தோளில் வைக்கிற கட்டையின் கடைசி வரை பதினாலே கால் அங்குலம். ஓரளவு உயரமானவர்களுக்குச் செய்த அளவு. சட்டென்று தோளுக்கு ஏற்றினால் கட்டையின் குதிகால் அக்குளில் மாட்டும். மாட்டினால் தோளின் குழியில் உட்காராமல் புஜத்தில் உட்காரும். நீலம் பாய்ந்தது அதனால்தான். உதை அதிகமாக இருக்கிறது என்று நினைத்து நான் செய்த முதல் வைத்தியம், பழைய ஹவாய் செருப்பின் அடியை வெட்டிக் கட்டையின் பின்னால் ஒட்டியது. மெத்தென்று இருந்தது. ஆனால் நீளம் இன்னும் அரை அங்குலம் கூடிவிட்டது. அடுத்த தடவை கிளப்பில் முன்பைவிட மோசம். அந்தக் கல்லூரிப் பையன் அன்றைக்கும் இருந்தான், நீல வார் தெரிய ஒட்டியிருந்த செருப்பைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, நல்ல பையன்.

கட்டையைக் குறைக்க வேண்டும். துப்பாக்கியை ஆசாரி கடையில் விட்டுவிட்டு வர முடியாது, என் கையை விட்டு அது போகவே கூடாது. அதனால் ஆசாரியை வீட்டுக்கு வரச் சொன்னேன். எங்கள் வீட்டு நிலைவாசல் வைத்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வருவதற்கு முன் கட்டையை மட்டும் திருகு கழற்றி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பூட்டிவிட்டேன். திண்ணையில் பாய் போட்டு அதன் மேல் கட்டையை வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்தக் கட்டில் காலு தம்பி, இப்படிக் கோணி இருக்கு?"

சொன்னதும் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அப்புறம் சிரித்து, பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

நீளம் பதிமூன்றரைக்கு வர வேண்டும். பின்னால் போடப்போகிற ரப்பர் பட்டை முக்கால் அங்குலம். அதனால் மரத்தில் வெட்ட வேண்டியது ஒன்றரை. எனக்குக் கணக்கு வந்தது, ஆனால் கோணம் வரவில்லை. கடைசி முகம் நேர் செங்குத்து இல்லை, லேசாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு மாறினால் சுடும்போது குழல் மேலே தாவும் அல்லது கட்டை வழுக்கும். ஆசாரி ஒரு நொடி யோசித்தார். பழைய முகத்தின் மேல் ஓர் அட்டையை வைத்து விளிம்பில் கோடு போட்டு, அதே அட்டையை ஒன்றரை அங்குலம் உள்ளே நகர்த்தி வைத்து மறுபடி கோடு போட்டார். வெட்டுகிற இடத்தைச் சுற்றி டேப் ஒட்டினார், மரம் பிய்ந்து வராமல் இருக்க. பல் நெருக்கமான ரம்பம். ஒரே ஓட்டம், நிற்கவே இல்லை. வெட்டு முகத்தில் மரத்தின் வளையம் தெரிந்தது, பச்சையாக ஒரு வாசனை. "இந்த வாயை மூடாம வெச்சா தண்ணி குடிக்கும்" என்று சொல்லிவிட்டு, ஆளிவிதை எண்ணெயை மூன்று கை பூசி, ஒரு வாரம் கழித்து ரப்பரைத் திருகச் சொன்னார். கூலி கேட்டால், "வெட்டினதுக்கு என்ன கூலி? சேர்த்தாத்தான் கூலி" என்றார். வற்புறுத்திக் கொடுத்தேன். வெட்டின துண்டை என் பெண் எடுத்துப்போய்ப் பேப்பர் பறக்காமல் இருக்க மேசையில் வைத்திருக்கிறாள்.

தோட்டாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறந்துவிடுவேன். அப்பாவின் பழைய துப்பாக்கியின் சேம்பர் 65 மில்லிமீட்டர், புதியது 70. தோட்டாவில் போட்டிருக்கும் நீளம், வெடித்து அதன் வாய் விரிந்தபிறகு வருகிற நீளம். மடித்த வாயோடு இருக்கும்போது 70 தோட்டா 65 சேம்பரில் சுகமாக உட்கார்ந்துகொள்ளும், கதவும் மூடும். ஏமாந்துவிடுவோம். வெடிக்கும்போது வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும், பழைய குழல் அதைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மாற்றிப் போடுவதில், அதாவது 65ஐ 70இல் போடுவதில், ஆபத்து இல்லை. எங்கள் வீட்டில் இரண்டும் வேறு வேறு டப்பா, 70 டப்பாவின் மேல் மனைவியின் நகப்பூச்சால் பெரிய சிவப்புப் பொட்டு.

டிசம்பரில் கிளப்புக்கு ஃப்ளெக்ஸ் எடுத்துப்போனேன். பக்கத்து வீட்டுக் காதணி விழா ஃப்ளெக்ஸ், பின்பக்கம் வெள்ளை. நாற்பது கஜத்தில் அதைக் கட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்துச் சுட வேண்டும். பிறகு ரவை எங்கே அடர்த்தியாக விழுந்திருக்கிறதோ அங்கே முப்பது அங்குல வட்டம் போட்டு, உள்ளே விழுந்த ஓட்டைகளை எண்ண வேண்டும். ஒரு அவுன்ஸ் ஆறாம் நம்பர் தோட்டாவில் ஏறக்குறைய 270 ரவை. வாய் குறுகாத நேர்க்குழலாக இருந்தால் அதில் நாற்பது சதவீதம் வட்டத்துக்குள் விழும், வாய் நன்றாகக் குறுகிய முழு சோக் இருந்தால் எழுபது. நான் எண்ணினேன், என் பெண்ணும் எண்ணினாள். எனக்கு 109, அவளுக்கு 112. அவள் கணக்குத்தான் சரியாக இருக்கும், அவள் எண்ணின ஓட்டைகளில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். ஆக நாற்பது சதவீதம், நேர்க்குழல், புத்தகத்தில் இருக்கிற மாதிரியே.

வட்டத்தின் மையம் மட்டும் புள்ளியிலிருந்து எட்டு அங்குலம் கீழே இருந்தது. மூன்று ஃப்ளெக்ஸிலும் அப்படியே. தட்டுகளை நான் ஏன் தவறவிடுகிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. எழும்பிப் போகிற தட்டு அது, நான் அதன் காலடியைச் சுட்டுக்கொண்டிருந்தேன்.

ஷாட்கன்னில் முன்னால், குழல் நுனியில், பாசி மாதிரி ஒரு மணி மட்டும்தான் குறி. பின் குறி நம் கண். கண் எங்கே இருக்கிறது என்பதைக் கன்னம் கட்டையில் எங்கே உட்கார்கிறது என்பதே முடிவு செய்யும். எனக்குக் கன்னம் தாழ்வாக உட்கார்ந்தது, அதனால் அடியும் தாழ்வாக. எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. என் கண்ணிலிருந்து முன் மணி வரை டேப் வைத்து அளந்தால் முப்பத்தாறு அங்குலம், ஒரு கஜம். இலக்கு நாற்பது கஜம். அதாவது கன்னத்தில் நான் செய்கிற மாற்றம் அங்கே நாற்பது மடங்காகத் தெரியும். அங்கே எட்டு அங்குலம் ஏற வேண்டுமென்றால் இங்கே எட்டை நாற்பதால் வகுத்தால் போதும். அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஐந்து மில்லிமீட்டர்.

இத்தனை நாள் நான் துப்பாக்கியைத் திட்டிக்கொண்டிருந்தது ஐந்து மில்லிமீட்டருக்கு. 

வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்கிற நண்பரிடம் இரண்டரை மில்லிமீட்டர் தோல் வாங்கி, இரண்டு அடுக்காக ஒட்டி, கன்னம் படுகிற இடத்தில் வைத்துக் கட்டையின் அடியில் கயிறு கோத்து இறுக்கினேன். செருப்புத் தைக்கிறவர் ஒருவர் ஓரத்துக்குத் தையல் போட்டுக் கொடுத்தார். ஆணி இல்லை, பசை மரத்தில் படவில்லை, வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். ஜனவரியில், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் இருபத்தைந்தில் பதினாறு தட்டு உடைந்தது. அந்தத் தட்டுக்கு ஊரெல்லாம் களிமண் தட்டு என்று பெயர். உண்மையில் அதில் களிமண் கிடையாது. சுண்ணாம்புக் கல் தூளும் தாரும் கலந்து வார்த்தது, 110 மில்லிமீட்டர் அகலம், நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. சரியாகப் பட்டால் உடையாது, புகையாகும். அன்றைக்கு இரண்டு புகையானது. கட்டை இழுப்பதும் வெண்ணெய் மாதிரி இருந்தது. கை தானாக இழுத்தது, நான் நினைக்கவில்லை.

சரி, இனி மாதம் ஒருமுறை வரலாம் என்று நினைத்தேன். 2024 மார்ச் 16ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு வந்தது.

உரிமம் வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. தேர்தல் என்றால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிடச் சொல்வார்கள், ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும், நடத்தை விதி முடிந்தபிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19. எண்ணியது ஜூன் 4. நடுவில் கோடை முழுக்க இரண்டு துப்பாக்கியும் அங்கே. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, அவர்கள் பத்திரமாகவே வைத்திருந்தார்கள். தப்பு என்னுடையது. கொடுக்கப் போன அன்று நல்ல வெயில். வீட்டில் எண்ணெய் துடைத்து, பஞ்சு வைத்துத் தைத்த புது உறையில் போட்டுத்தான் எடுத்துப்போனேன். அங்கே நம்பரைச் சரிபார்க்க வெளியே எடுத்துக் காட்டினேன். வியர்த்த கையோடு உடல் பகுதியைப் பிடித்துத் திருப்பி, காட்டிவிட்டு, அப்படியே உறைக்குள் சொருகி ஜிப்பை இழுத்துவிட்டேன். அப்பா பழைய ஒற்றைக்குழலை ஒரு பழைய காட்டன் வேட்டியில் சுற்றித்தான் கொடுத்தார். "உறை வேணாம், மூச்சு விடணும்" என்று சொன்னார். அழகான உறை, ஆயிரத்து சொச்சம் கொடுத்து வாங்கியது, நான் கேட்கவில்லை.

ஜூன் இரண்டாம் வாரம் வாங்கி வந்தோம். வேட்டிக்குள் இருந்தது போனபடியே வந்தது. என்னுடையதை ஜிப் திறந்து எடுத்தேன். உடலின் இடது பக்கம், கறுப்பின் மேல், செம்மண் நிறத்தில் ஒரு கை. உள்ளங்கை மேடு, நான்கு விரல், மேலே கட்டைவிரல் தனியாக. விரலின் ரேகைகூட எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. வியர்வை உப்பும் பஞ்சு உறைக்குள் அடைபட்ட ஈரமும் எழுபது எண்பது நாளில் வரைந்தது. தோல் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஒரு திருகின் தலையும் சிவந்திருந்தது. பதப்படுத்திய தோலில் இருக்கிற உப்பும் புளிப்பும் இரும்புக்கு ஆகாது என்பதைப் பிறகுதான் படித்தேன்.

நைசான எஃகுப் பஞ்சும் எண்ணெயும் வைத்து அழுத்தாமல் தேய்த்தேன். இரண்டு ராத்திரி. விரல்கள் போய்விட்டன, உள்ளங்கையும் போய்விட்டது. கட்டைவிரல் மட்டும் கறுப்புக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. இன்னும் தேய்த்தால் மேல்பூச்சே போய்விடும் என்று நிறுத்திவிட்டேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் இப்போதும் தெரியும்.

அப்பா வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, துப்பாக்கியை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"இவ்ளோ படிச்சும் கடைசீல கைநாட்டுதான் வெச்சிருக்க" என்று சொல்லிவிட்டு, எண்ணெய்த் துணியை என் பக்கம் தள்ளினார்.